மோட்டார் உங்களுடையது, ஸ்விட்ச் யார் கையில்?

இணையத்தோடு பேசும் சின்னச் சின்னக் கருவிகளைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒருநாள் பட்டறைகள் நடத்துகிறேன். ஜம்பர் வயரைக் கையில் எடுத்தே பார்க்காதவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஆளுக்கு வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் போலான ஒரு நோட்எம்சியு போர்டு, வயர்களைச் செருகிப் பார்க்க ஒரு பிரெட்போர்டு, ஒரு எல்இடி விளக்கு. கம்ப்யூட்டருக்குப் போர்டு தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் விற்கும் கேபிளுக்குள் டேட்டா கம்பியே இருக்காது. வைஃபை சேரவில்லையா? இந்த போர்டின் இஎஸ்பி8266 சிப் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் வேலை செய்யும். ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் அரை நாளில் பழகிவிடும். எனக்குக் கவலை தருவது மதியத்துக்கு மேல் நடப்பதுதான்.

ஒரு முறை வந்த தம்பிக்குத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போட வேண்டும். மோட்டாருக்குப் பதில் எல்இடி வைத்து மூன்று மணிக்கெல்லாம் செய்தும் விட்டார். போனில் 'ஆன்' என்று அனுப்பினால் விளக்கு எரிகிறது. நடுவில் செய்தியை வாங்கிக் கொடுப்பது, யார் வேண்டுமானாலும் பழகிப் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் ஒரு எம்க்யூடிடி சர்வர். எம்க்யூடிடி என்பது இப்படிப்பட்ட கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஒரு முறை. செய்திக்கு அவர் வைத்த பெயர் 'ஹோம்/மோட்டார்'. என் லேப்டாப்பிலிருந்து அதே பெயருக்கு நான் ஒரு 'ஆன்' அனுப்பினேன். விளக்கு எரிந்தது.

"சார், நான் போனைத் தொடவே இல்லையே!"

அந்த சர்வரின் 1883-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், நுழைய பாஸ்வேர்ட் கேட்பதில்லை, போகிற செய்திக்கு மறைப்பும் இல்லை. 'ஹோம்/#' என்று, அதாவது 'ஹோம்/' என்று தொடங்கும் எல்லாச் செய்தியையும் கேட்டேன். யார் யார் வீட்டு வெப்பநிலையோ, விளக்கோ, திரையில் வரிசையாக ஓட ஆரம்பித்தது. அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

'என் மோட்டாரைப் போட்டு யாருக்கு என்ன லாபம்?' என்று தோன்றலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்தக் கேமராவில் என்ன தெரிகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அதன் இணைய இணைப்புதான் தேவைப்பட்டது. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டுதான் அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். இணையதளப் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தருவது அதன் வேலை. அது முடங்கியதால் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை.

வெளியாள் வராமலே நடக்கக்கூடியது இன்னொன்று இருக்கிறது. எம்க்யூடிடியில் 'ரீடெயின்' என்று குறித்து அனுப்பினால், கடைசிச் செய்தியை சர்வர் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கடைசிச் செய்தி 'ஆன்' என்று வையுங்கள். நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பி வரும், போர்டு எழுந்து சர்வரைக் கேட்கும், மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும்வரை ஓடும். அதனால் 'ஆன்' செய்தியை 'ரீடெயின்' குறித்து அனுப்பாதீர்கள். போர்டு எழுந்ததும் முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தி வைக்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும், குறித்த நேரம் கடந்தாலும் யாரும் சொல்லாமலே நிறுத்த வேண்டும். இந்த நாலு வரி நிரலை எழுதாமல் யாரையும் நான் ரிலே பக்கம், அதாவது போர்டு சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச் பக்கம், விடுவதில்லை.

ரிலே என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நீலப் பெட்டியின் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பதை நம்பி மோட்டாரை நேரே அதில் கட்டாதீர்கள். ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் கிளம்பும்போது அதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், 'ஆஃப்' அனுப்பினாலும் நிற்காது. ரிலே, பெரிய மின்சாரத்தைத் தாங்கும் ஸ்விட்சான கான்டாக்டரைப் போடட்டும், கான்டாக்டர் மோட்டாரைப் போடட்டும். 230 வோல்ட் வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அன்று மாலை அந்தத் தம்பி பாஸ்வேர்ட் உள்ள சர்வருக்கு மாறி, மறைத்து அனுப்பும் 8883 போர்ட்டில் இணைத்தார். நான் பாஸ்வேர்ட் இல்லாமல் மறுபடி 'ஆன்' அனுப்பப் பார்த்தேன். சர்வர் என்னை உள்ளேயே விடவில்லை. "இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்க சார்" என்று எல்இடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.