மரத்தைப் 'பருவப்படுத்த' முடியுமா?

மரக் கடைசல், அதாவது கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடையும் வேலை, பழகிவரும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். வேப்பங்கட்டையைப் பருவப்படுத்திய பிறகே கடைசல் பொறியில் ஏற்ற வேண்டும் என்று ஒரு கையேட்டின் தமிழாக்கத்தில் படித்ததாகவும், அந்தப் பருவம் தையா, ஆடியா என்று தெரியவில்லை என்றும் சொன்னார். மூலத்தில் இருந்த சொல் 'சீசனிங்'; வெட்டிய மரத்தின் ஈரத்தை மெல்லப் போக்குவதற்கான ஆங்கிலச் சொல். சீசன் என்றால் பருவம், எனவே சீசனிங் என்றால் பருவப்படுத்தல் என்று மொழிபெயர்த்தவர் முடிவுகட்டியிருக்கிறார். இந்தச் சொல்லை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துப் பொறுத்துக்கொண்டவன் நான். கற்றுக்கொள்ள வந்த ஒருவரைத் திசைதிருப்பிவிட்டது என்று கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விதைப்பைக் குறித்த லத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு மொழியில் விதைக்கும் காலத்தையும், பிறகு பொதுவாகப் பருவத்தையும் குறித்தது. அதிலிருந்து கிளைத்த வினை, கனியப்பண்ணுதல், பக்குவம் செய்தல் என்று பொருள் விரிந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அங்கே சமையலில் உப்பும் காரமும் சேர்ப்பதற்கும், வெட்டிய மரத்தின் ஈரத்தைப் போக்குவதற்கும் அதே சொல் நின்றுவிட்டது.

தமிழிலும் பருவத்துக்குப் பக்குவம் என்ற பொருள் உண்டே என்று சிலர் வாதிடக்கூடும். உண்டுதான். ஆனால் பருவம் எய்துவது உயிருள்ளதன் வளர்ச்சி. வெட்டிக் கிடத்திய கட்டையில் எதுவும் வளர்வதில்லை. அதிலிருந்து நீர் வெளியேறுகிறது, அவ்வளவுதான். அந்த நீர் வெளியேறும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குச் சொல் தேடுவது வீண். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்களின் உட்குழிவில் தேங்கிய நீர் ஒன்று, செல் சுவர்களுக்குள் ஊறிய நீர் மற்றொன்று. குழிவில் உள்ளது போகும்வரை மரம் சுருங்குவதில்லை. ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவர்களில் ஊறிய நீர் போகத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல அல்ல. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உருண்டைக் கட்டையை அதன் மையத்தில் ஓடும் நடுத்தண்டோடு அப்படியே போட்டுவைத்தால், நடுவிலிருந்து விளிம்புவரை வாய் பிளப்பது இதனால்தான்.

கட்டையைக் குறுக்கே அறுத்த முனையான வெட்டுமுகம் வழியாக ஈரம் வெளியேறும் வேகமோ பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எனவே கடைசல்காரர் கட்டையை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகங்களில் மெழுகோ பெயின்ட்டோ பூசி, நிழலில், தரையில் படாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்கிவைக்கிறார். பிளப்பது, சுருங்கும்போது கட்டை வெடிக்காமல் இருக்க. பூச்சும் நிழலும் நீர் மெதுவாகப் போவதற்காக. வெயிலில் காய்வதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நான் ஒரு வேப்பங்கட்டையை இழந்து கற்றுக்கொண்டேன். பூச்சு எதுவுமில்லாமல் மொட்டைமாடி வெயிலில் வைத்த கட்டை, மூன்றாம் நாள் மாலைக்குள் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

'பருவப்படுத்தல்' எளிதில் தள்ளிவிடக்கூடிய பிழை. சீசனிங்குக்குக் கலைச்சொல்லாகவே நடமாடும் 'பதப்படுத்தல்' பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். பதம் நல்ல சொல். பாகு பதம், மண் பதம் என்று கைவேலை தெரிந்தவர்கள் நாள்தோறும் பயன்படுத்துவது. ஆனால் பதப்படுத்தல் என்ற சொல் இன்று வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது. மீனைப் பதப்படுத்துகிறோம், பழச்சாற்றைப் பதப்படுத்துகிறோம், தோலைப் பதனிடுகிறோம். அழுகாமல், கெடாமல் காப்பது என்பதே எல்லாவற்றிலும் பொருள். மரத்துக்கும் அந்தக் காப்பு தனியாக உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் பூஞ்சையும் வண்டும் விரைவில் பற்றும். அறுத்த பலகைகளில் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, அதன் பிறகு உலர்த்துகிறார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தால், 'ரப்பர் மரத்தைப் பதப்படுத்திய பின் பதப்படுத்த வேண்டும்' என்று எழுத நேரும். படிப்பவர் முதல் வேலையை விடுவார், அல்லது வேப்பங்கட்டைக்கும் மருந்து தேடிக் கடைக்குப் போவார். தூய தமிழ்ச் சொல்லாக இருப்பதனாலேயே ஒன்றைச் சரியென்று கொள்ள முடியாது. இரண்டு வேறு செயல்களைப் பிரித்துக்காட்டாத கலைச்சொல் பட்டறையில் உதவாது. அந்த வகையில் மரக்கடைகளில் வழங்கும் 'சீசன் பண்ணின மரம்' என்ற கலப்புப் பேச்சு, இந்தத் தமிழைவிடத் தெளிவானது.

'உலர்த்துதல்' குற்றமற்ற சொல், ஆனால் பொதுச்சொல். கொடியில் துணியையும் உலர்த்துகிறோம். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'ஆறவைத்தல்'. தலைக்குக் குளித்த பெண் கூந்தலை ஆற்றிக்கொள்வதில் இந்தச் சொல் ஈரத்தோடு இன்றும் புழங்குகிறது. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. உள்ளே இருக்கும் மிகை மெல்லத் தணிந்து, சூழலோடு ஒத்துப்போவதே அத்தனை இடத்திலும் பொருள். மரத்தில் நடப்பதும் அதுவே. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் அறையில், எத்தனை ஆண்டு கிடந்தாலும் மரம் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது. அந்த மரம் முற்றும் காய்ந்தது அல்ல, ஆறியது. மரம் உலர்த்தும் சூடான அறையான சூளையில் வைத்தால் ஆறுவது எப்படி என்று கேட்கலாம். சூளையிலும் தொடக்கத்தில் மிதமான வெப்பமும் மிகுந்த ஈரக்காற்றும் வைத்துப் படிப்படியாகவே முன்னேறுகிறார்கள். அதைச் 'சூளையில் ஆறவைத்தல்' என்றே சொல்லலாம். பெயர்ச்சொல்லாக்க விரும்பி 'ஆற்றல்' என்று மட்டும் எழுத வேண்டாம். அது வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

ஆறாத மரத்துக்கு நம்மிடம் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'கிரீன் வுட்' எனப்படும் அது, அந்தக் கையேட்டில் 'பசுமை மரம்' என்று இருந்தது. சூழலைக் காக்கும் மரம் என்றுதான் இன்றைய வாசகர் அதைப் புரிந்துகொள்வார். பச்சரிசி, பச்சை மண், பச்சைப் புண் என்று பக்குவம் ஆகாததைப் பச்சை என்பது நம் வழக்கம். 'பசுமரத்தாணி போல' என்று சொல்லாத தமிழாசிரியர் இல்லை. ஆணி எளிதில் இறங்குவதற்கும் உளி எளிதில் ஓடுவதற்கும் காரணம் அதே ஈரம்தான். இத்தனையும் கையில் இருக்க, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துவைப்பதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கையேட்டில், கட்டையின் முனையில் விழும் வெடிப்பைக் குறித்த 'எண்ட் செக்' என்ற சொல் 'இறுதிச் சரிபார்ப்பு' ஆகியிருந்தது. ஒரு நாள் மரப்பட்டறையில் நின்றிருந்தால் 'முனை வெடிப்பு' என்று எழுதியிருப்பார்.

அந்த இளைஞருக்கு நான் எழுதித் தந்தது இது: பச்சைக் கட்டையைக் கிண்ணமாகப் பருமட்டாகக் கடைந்து, சுவரின் பருமனை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக விடவும், 30 செ.மீ. கிண்ணமென்றால் 3 செ.மீ. கடைந்தபோது விழுந்த சுருள்களோடு காகிதப் பையில் இட்டு, காற்று நேரே அடிக்காத நிழலில் ஆறவைக்கவும். வாரம் ஒருமுறை எடை பார்த்துப் பையின் மேல் குறிக்கவும். எடை தொடர்ந்து சில வாரங்கள் மாறாமல் நின்றால் கட்டை ஆறிவிட்டது. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் வட்டம் சற்றே நீள்வட்டமாகியிருக்கும். பருமனை மிகையாக விட்டது அதற்காகத்தான். மீண்டும் கடைசல் பொறியில் ஏற்றி வட்டமாக்கிக்கொள்ளலாம்.