வுவா வெர்த்: ‘பசுமைவழிச் சாலை’ என்று எழுதலாமா?

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் மோட்டார் இரைச்சல் இல்லாமல் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘வுவா வெர்த்’. வுவா என்றால் வழி, வெர்த் என்றால் பச்சை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பசுமைவழி’ என்று வரும்; பின்னால் ஒரு ‘சாலை’யும் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டு வாசகருக்கோ பசுமைவழிச் சாலை என்பது அமைச்சர்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் சென்னைச் சாலை. இல்லையென்றால், நிலம் எடுப்பதை எதிர்த்து 2018-இல் உழவர்கள் போராடிய சேலம்–சென்னை எட்டுவழித் திட்டம். பிரெஞ்சுக்காரர்கள் எதை விலக்கி வைக்க இந்தப் பெயரை வைத்தார்களோ, அதையே நம் பெயர்ப்பு வாசகரின் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

வுவா என்பது ‘வியா’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. வெர்த், பச்சையைக் குறிக்கும் ‘விரிதிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘வெர்’ என்பதன் பெண்பால் வடிவம். பிரெஞ்சில் வழி பெண்பால் ஆகையால் அதன் அடையும் அப்படியே மாறுகிறது. அகராதி தரும் விளக்கம் இவ்வளவுதான். சட்டம் தரும் விளக்கம் வேறு. 2004 செப்டம்பர் 16-ஆம் தேதியிட்ட அரசாணை இச்சொல்லைப் போக்குவரத்து விதித்தொகுப்பில் சேர்த்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடந்து செல்வோர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கு மட்டுமே உரிய வழி என்று அது வரையறுத்தது. ஆக, வெர்த் என்ற நிறம் இங்கே ஓர் உரிமையின் பெயர். இருபுறமும் தோப்பு இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பழைய தொழிற்சாலைச் சுவரை ஒட்டி ஓடினாலும் அது வுவா வெர்த்தான்.

சட்டம் வருவதற்குள் பாதை வந்துவிட்டது. பர்கண்டிப் பகுதியின் சோன்-எ-லுவார் மாவட்டத்தில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர் பாதை 1997-இல் திறக்கப்பட்டது. பிரான்சின் முதல் வுவா வெர்த் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அண்டை நாடான ஸ்பெயின், கைவிட்ட ரயில் வழிகளை ‘வியா வெர்தே’ என்ற பெயரில் பாதைகளாக்கும் திட்டத்தை 1993-இலேயே தொடங்கியிருந்தது. பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில் இதே வகைப் பாதைகளுக்கு ‘மெதுவழிகள்’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. நிறத்தைச் சொல்லாமல் நடையைச் சொல்கிறது.

ஜிவ்ரி–க்ளூனிப் பாதையும் பழைய ரயில் வழிதான். பொதுப்பணி அமைச்சர் ஃப்ரேசினே 1879-இல் நிறைவேற்றிய சட்டம், சிற்றூர்களை எட்டும் ரயில் வழிகளை நாடெங்கும் பரப்பியது. இருபதாம் நூற்றாண்டில் பஸ்ஸும் காரும் வந்தபின் அவற்றில் பல மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த இடத்தில் எஞ்சியது சைக்கிளுக்கென்றே செய்ததுபோன்ற ஒரு தளம். ரயில் செங்குத்தாக ஏறாது; ஆகவே மலைநாட்டிலும் இப்பாதைகளின் ஏற்றம் மென்மையானது. ஆனால் அது முடிவில்லாமல் நீளும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்து காலுக்கு மட்டும் ஏற்றமாகப் படுவதைப் பிரெஞ்சு ஓட்டுநர்கள் ‘ஃபோ ப்ளா’, அதாவது பொய்ச்சமதளம் என்கிறார்கள். க்ளூனியைத் தாண்டித் தெற்கே நீட்டப்பட்ட பகுதியில் இப்பாதை புவா க்ளேர் சுரங்கத்தில் நுழைந்து ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் மலைக்குள் போகிறது. குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் குன்றைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘பசுவழி’ என்றால் மாடு போகும் தடம் ஆகிவிடும். ‘பசுமைவழி’யின் கதையை முன்பே சொன்னேன். ‘பசும்பாதை’ பொருந்துகிறது. பாதை என்ற சொல்லில் இன்னும் காலடி ஒலி இருக்கிறது. லாரி அதற்குள் எளிதில் நுழையாது.

கால்வாய்க் கரைகள் இன்னொரு வகை. படகைக் கயிறு கட்டி மனிதரோ குதிரையோ இழுத்துச் செல்லக் கரையில் விட்ட தடத்துக்கு ‘ஷெமேன் த அலாஜ்’ என்று பெயர். அலாஜ் என்றால் இழுத்தல். பக்கிங்காம் கால்வாயிலும் படகுகளைக் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தார்கள் என்பதால் ‘இழுகரை’ என்று சொன்னால் நமக்கும் புரியும். இச்சொல்லை மட்டும் நம்பி மெல்லிய டயர் கொண்ட பந்தய சைக்கிளை எடுத்துப் போவது வம்பு. துலூஸ் நகரிலிருந்து மேற்கே கரோன் ஆற்றுக்கு இணையாக ஓடும் கால்வாயின் கரை வழவழப்பான தார்ப்பாதை. அதே நகரிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிப் போகும் ‘மிதி’ என்ற பெயர்கொண்ட கால்வாயின் கரையோ, ஐம்பது கிலோமீட்டர் கடந்தபின் பெரும்பாலும் மண்ணும் ப்ளேன் மர வேர்களும்தான். 1681-இல் முடிந்த அந்தக் கால்வாயின் அழகுக்காக எலும்பு குலுங்கினாலும் பரவாயில்லை என்பவர்கள் போகலாம்.

அடுத்த சொல் ‘வெலோரூத்’. குழப்பம் இங்கேதான் மிகுதி. ‘வெலோ’ என்பது ‘வெலோசிபேத்’ என்ற பழைய பெயரின் முன்பாதி. விரைவு, பாதம் ஆகியவற்றைக் குறிக்கும் இரு லத்தீன் சொற்களைச் சேர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பெயரை ஆக்கினார்கள். பின்னர் பாதத்தை வெட்டிவிட்டு விரைவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தமிழ் ‘மிதிவண்டி’ பாதத்தை விடவில்லை. ‘ரூத்’ இன்னும் சுவையானது: ‘வியா ருப்தா’, அதாவது உடைத்துத் திறந்த வழி என்பதில் ‘வழி’ உதிர்ந்து ‘உடைந்தது’ மட்டும் எஞ்சிய சொல்.

வெலோரூத் என்பது தனி ஒரு பாதையின் பெயர் அன்று; வழிகாட்டிப் பலகைகள் நட்டு, தொடர்ச்சியாகக் கோத்த நெடும்பயண வழித்தடம். அதில் பசும்பாதை வரும், இழுகரை வரும், இரண்டுக்கும் நடுவே கார் ஓடும் சிறு சாலையும் வரும். இவற்றை நாடு முழுவதும் பின்னும் தேசியத் திட்டத்தை அரசு 1998-இல் ஏற்றது. புகழ்பெற்றது லுவார் ஆற்றை ஒட்டி அட்லாண்டிக் கடல்வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும் தடம். பழந்தமிழில் ‘ஆறு’ என்றாலே வழிதான், ஆற்றுப்படை நினைவிருக்கும். இந்தத் தடத்துக்கு அச்சொல் இரு பொருளிலும் பொருந்துகிறது. பொதுச்சொல்லாக நான் ‘மிதிவண்டி நெடுவழி’ என்று எழுதுவேன். ‘மோட்டார் இல்லாத’ என்ற அடைமொழியை இதற்கு முன்னால் போட்டால் பிழை.

வெறிச்சோடிய தார்ச்சாலையில் தனியாக ஓட்ட வேண்டும் என்பவருக்கு மேலே சொன்ன எதுவும் முழு விடை தராது. கோடை ஞாயிற்றுக்கிழமையில் பசும்பாதையில் குழந்தைகள், நாய்கள், சறுக்குச்சக்கரக் காலணிகள் என்று திருவிழா. அமைதி வேறிடத்தில் இருக்கிறது. பிரான்சில் சாலைகளின் மொத்த நீளம் பத்து லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். அதில் மிகப் பெரும்பகுதி மாவட்டச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும். சுமார் 35,000 ஊராட்சிகள், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த ஊருக்கு ஒரு சாலை. 1836-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஊரிணைப்பு வழிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஊராட்சிகளுக்குக் கட்டாயமாக்கியது. ‘விசினால்’ என்று இவற்றைச் சொன்னார்கள். சிற்றூரைக் குறிக்கும் லத்தீன் ‘விகுஸ்’, அதிலிருந்து அண்டை அயல், அதிலிருந்து விசினால். விரைவு வண்டிகள் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டன, சாலை அங்கேயே கிடக்கிறது. நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணிவரை ஊரே உணவு மேசையில் உட்காரும்போது அது முற்றிலும் உங்களுடையது. ரொட்டிக் கடையும் அப்போது பூட்டியிருக்கும் என்பதுதான் தொல்லை.

மிஷ்லேன் நிறுவன வரைபடத்தில் பெரிய சாலை சிவப்பு, அடுத்தது மஞ்சள், மீதி வெள்ளை. இந்தச் சிறு சாலைகளை ‘ரூத் பிளான்ஷ்’, வெள்ளைச் சாலை என்று சைக்கிள்காரர்கள் சொல்வது அதனால்தான். தளம் வெள்ளை இல்லை, தாள்தான் வெள்ளை. எண்ணுக்கு முன் மாவட்டத்தைக் குறிக்கும் ‘டி’ எழுத்து இருந்தால் போதும் என்று நம்பவும் கூடாது. 2006 வாக்கில் பல தேசியச் சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தபோது, மாக்கோன் நகர் வழியே போகும் பழைய ‘என் 6’, பெயர்மாறி ‘டி 906’ ஆயிற்று. எழுத்து மாறியது, லாரிகள் மாறவில்லை. விசினாலுக்கு ‘ஊர்ச்சாலை’ என்பதே போதும்.

பிரான்சின் வடமேற்குப் பகுதிகளான நார்மண்டியிலும் பிரித்தானியிலும் வயல்களுக்கிடையே உயர்ந்த வேலி மேடுகள் சூழ, வண்டிச்சக்கரம் பட்டுப் பட்டுப் பள்ளமான தடத்துக்கு ‘ஷெமேன் க்ரோ’ என்று பெயர். இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். கொங்கு நாட்டு ‘இட்டேரி’ அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தில் சேறாகும் என்பதுவரை பொருத்தம்.

சைக்கிளுக்கே வருவோம். பாரிஸில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர்கள். ஊர்ப்பேச்சில் சைக்கிள் என்றாலும், எழுத்தில் அவர்களுக்குப் பழகியவை ‘துவிச்சக்கர வண்டி’யும் ‘ஈருருளி’யும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியிலிருந்து சற்றுத் தொலைவில் லா வில்லெத் நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கிருந்து ‘ஊர்க்’ என்ற பெயர்கொண்ட கால்வாயின் கரை பாந்தேன், பொபினி வழியாகக் கிழக்கே போகிறது. இந்தக் கால்வாயின் பெயரை உச்சரித்தால் நம் ‘ஊர்க்’ போலவே ஒலிக்கும். தமிழில் எழுதும்போது ‘ஊர்க் கால்வாய்’ என்றால் ஊரின் கால்வாய் என்று படிக்கப்படும். ‘ஊர்க்கு’ என்று உகரம் சேர்த்து எழுதினால் அந்த மயக்கம் குறையும்.