40 விழுக்காடு வலி

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இயன்முறை சிகிச்சை அளிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இருபது வயதுகூட நிரம்பாத, பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சற்றே இழுத்தபடி வந்தால், 'எங்கே விழுந்தீர்கள்?' என்பதற்கு முன்பே 'ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா?' என்று கேட்டுவிடுவோம். பெரும்பாலும் அவர் எங்கும் விழுந்திருக்கமாட்டார். அரிவாள் செல் ரத்தசோகையில் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. தொடை எலும்பின் உச்சிக்கு ரத்தம் போய்ச் சேராமல் அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. சில குழந்தைகளுக்குப் பக்கவாதமே வருகிறது. குளிரும் நீரிழப்பும் கடும் உழைப்பும் வலியைக் கிளப்பும். கூடலூரின் ஆனி, ஆடி மழையில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு இவற்றில் எதைத் தவிர்க்க முடியும்?

இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். சட்டம் இதை உடற்குறைபாடாக ஏற்க 64 ஆண்டுகள் ஆயின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது, தலசீமியா, ஹீமோபிலியா ஆகிய ரத்தநோய்களோடு அரிவாள் செல் நோயும் அதில் இடம்பெற்றது. நல்ல காரியம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதற்கும் கைக்கு மாற்றுத்திறனாளி அட்டை வருவதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

முக்கியமான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு இருக்கிறது. கால் இல்லாதவருக்கு அளவிடுவது எளிது. வந்து வந்து போகும் வலியை எப்படி அளப்பது? எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார், எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள், எந்த உறுப்பு கெட்டது என்ற பதிவுகளைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். காகிதத்தில் இது நியாயம்தான். ஆனால் வலி வந்த இரவில் யானை நடமாடும் பாதையில் இறங்கிவர முடியாமல், அடுப்படியில் சுருண்டு படுத்து, விடிந்ததும் பச்சிலை அரைத்துப் போட்டுக்கொண்டவரிடம் என்ன பதிவு இருக்கும்? மருத்துவமனைக்கு அருகில் இருப்பவருடைய நோய் கணக்கில் ஏறுகிறது. தொலைவில் இருப்பவர், அதே நோயோடு, குறைந்த விழுக்காட்டில் நின்றுவிடுகிறார். மேஸ்திரியின் பார்வையில் அவர் வேலைக்கு மட்டம் போடுகிறவர், அவ்வளவுதான்.

வரம்பைத் தாண்டினாலும் பாதிக் கதவுதான் திறக்கிறது. உயர்கல்வியில் 5 விழுக்காடு இட ஒதுக்கீடு (பிரிவு 32) ரத்தநோய் உள்ளவர்களுக்கும் உண்டு. அரசு வேலையில் 4 விழுக்காடு (பிரிவு 34) பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், மனநலம் மற்றும் அறிவுத்திறன் சார்ந்த குறைபாடுகளுக்கு மட்டும்தான். ரத்தநோய்கள் அதில் இல்லை. படிக்க வைத்துவிட்டு வேலைக்கு வரும்போது நீ யார் என்று கேட்பதைத் திருத்தாமல் விட்டிருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அறிவுத்திறன் மதிப்பீட்டில் வேறொரு வகைக் கோளாறு. குழந்தை தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குமா, தொலைபேசியில் பேசுமா என்றெல்லாம் கேள்விகள் வரும். கடையே இல்லாத ஊரில் வளர்ந்த காட்டுநாயக்கர் பழங்குடிக் குழந்தை, வீட்டில் தன் தாய்மொழி பேசுகிற குழந்தை, தமிழில் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு விழிக்கிறது. தேன் எடுக்கப் போகிறவர்களோடு எந்த மரத்தடியில் நிற்கவேண்டும், எந்தச் சத்தத்துக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதைக் கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. இதனால் இல்லாத குறைபாடு எழுதப்படுகிறது. 'இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படித்தான்' என்ற அலட்சியத்தில், இருக்கும் குறைபாடு தவறவிடப்படுவதும் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பழங்குடியினரிடையே 2.05 விழுக்காடு. மலைக்காரர்கள் திடகாத்திரமானவர்கள் என்று இதைப் படித்துப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கப் போனவர்கள் எத்தனை ஊருக்குள் நடந்து போனார்கள் என்ற கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். ரத்தநோய்களுக்கென்று அந்தப் படிவத்தில் தனி வகையும் இல்லை.

சட்டத்தின் வரையறைகள் தாராளமானவை. 'தடை' என்பதில் பண்பாடு, பொருளாதாரம், சுற்றுச்சூழல், நிறுவன நடைமுறை எல்லாமே அடங்கும் என்கிறது பிரிவு 2. மத்திய, மாநில ஆலோசனை வாரியங்களில் பழங்குடியினர் ஒருவராவது இருக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தடை என்றால் படிக்கட்டு, தீர்வு என்றால் சாய்தளம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று விதி 15(1)ஐ ரத்து செய்து, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கச் சொன்னது. அந்தத் தரங்களில் மலைப்பாதைக்கும் ஓடைக்கும் இடம் இருக்கவேண்டும். முகாமில் கொடுக்கும் மூன்று சக்கர வண்டி ஜீப் நிற்கிற இடம்வரைதான் உருளும். அதற்கு மேலே வீட்டுக்காரர்கள்தான் வண்டியையும் ஆளையும் தூக்கவேண்டும். ஊருக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த வண்டிகளைப் பார்த்து 'கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று சொல்லும் அதிகாரிகளை என்ன செய்ய?

சாலை கேட்டால் வனத்துறையிடம் போ என்பார்கள். அங்கே போனால், இது வனம், முடியாது என்பார்கள். இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர் போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விடுவிக்க இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கவேண்டும் என்பவை நிபந்தனைகள். பரிந்துரைத் தீர்மானத்தில் ஊரில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் நிலையையும் எழுதிச் சேருங்கள். வன உரிமையைப் பேசுகிறவர்கள் ஊனத்தைப் பேசுவதில்லை, ஊனத்தைப் பேசுகிறவர்கள் வனத்தைப் பேசுவதில்லை. இரண்டு துறைகளின் கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

குறைபாட்டை மதிப்பிட்டுச் சான்று தரும் மருத்துவ வாரியம் ஊருக்கு வரவேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. சான்று வழங்க ஒரு மாதம் என்றிருந்த காலக்கெடுவை 2024 அக்டோபர் திருத்தம் மூன்று மாதமாக்கியிருக்கிறது. நாள்கூலி இழந்து, பஸ்ஸில் ஊட்டிவரை போய்த் திரும்புகிறவர்களை யாரும் கலந்து பேசியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. 2025இல் ஊட்டியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழங்குடியினருக்கெனத் தனி வார்டு இருப்பது ஆறுதல். அங்கிருந்து ஒரு குழு மாதம் ஒருமுறை கீழே இறங்கிவந்தால் இன்னும் நல்லது.

அதுவரை, கிராம சுகாதார செவிலியர்களும் ஆசிரியர்களும் இன்றே தொடங்கக்கூடிய ஒரு வேலை உண்டு. அரிவாள் செல் நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வலி வந்த நாள், எத்தனை நாள் நீடித்தது, வேலைக்கோ பள்ளிக்கோ போகாத நாட்கள், வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கிடைத்ததா இல்லையா என்று குறியுங்கள். எழுதத் தெரியாதவர் நாட்காட்டியில் புள்ளி வைத்தால் போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செவிலியர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டுத் தேதி போடட்டும். மருத்துவ வாரியம் அதை அப்படியே ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான். ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.