துபாய் விமானத்துக்கு வாகைகுளம் ஓடுபாதை போதுமா?

கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. ஊருக்கு வரவும் போகவும் அவர்களில் பலர் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ வண்டி பிடிக்கிறார்கள். வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டதிலிருந்து ஒரே கேள்விதான்: "ஓடுபாதை 3,000 மீட்டர் ஆயிட்டுல்லா, பொறவு என்ன தடை?"

நீளத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த விமானம், எத்தனை டன், எந்த நேரத்து வெயில் என்று கேட்டால்தான் விடை வரும்.

பழைய ஓடுபாதை 1,350 மீட்டர். சுழல்விசிறி கொண்ட சிறிய விமானமான ஏடிஆர் 72-600 முழு எடையோடு, அதாவது சுமார் 23 டன்னோடு, கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஏறவே ஏறத்தாழ 1,300 மீட்டர் கேட்கும். நம் ஊரில் 15 டிகிரி ஏது? வெயில் ஏறினால் காற்று அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் விசை கிடைக்க அதிக வேகம் வேண்டும், அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். எஞ்சினும் தளரும். பெரும்பாலான ஜெட் எஞ்சின்கள் கடல்மட்டத்தில் சுமார் 30 டிகிரி வரைதான் முழு விசை தரும். சித்திரை வெயிலில் 38 டிகிரி நண்பகலில் ஓடுபாதை போதாவிட்டால் சரக்கையோ பெட்டிகளையோ இறக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதே விமானத்துக்கு அதிகாலையில் அந்தச் சிக்கல் இராது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டத்தின் நடுவே ஓர் எஞ்சின் நின்றுபோனால், மிச்சமுள்ள ஓடுபாதைக்குள் நிறுத்த முடிய வேண்டும், அல்லது மற்ற எஞ்சினை வைத்தே ஏற முடிய வேண்டும். இரட்டை எஞ்சின் விமானம் சக்கரத்தை மடக்கிய பின் ஒற்றை எஞ்சினில் 2.4 சதவீத ஏற்றமாவது காட்ட வேண்டும் என்பது விதி. ஆடி மேல்காற்றில் மேற்கு நோக்கிக் கிளம்பினால் எதிர்காற்று ஓட்டத்தைக் குறைக்கும். ஆனால் வல்லநாட்டு மலை உட்பட அந்தப் பக்கத்துத் தடைகளையும் பார்த்துத்தான் எடையை முடிவு செய்வார்கள்.

இனி துபாய்க் கணக்கு. தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320நியோ விமானத்தின் உச்சப் புறப்பாட்டு எடை 79 டன். விமானமும் பணியாளர்களும் தோராயமாக 45 டன், 180 பயணிகள் பெட்டிகளோடு 18, இருப்பு உட்பட எரிபொருள் 13. மொத்தம் 76. உச்ச எடைக்கே சாதாரண நாளில் 2,100 மீட்டர் அளவில் போதும். வெயிலைச் சேர்த்தாலும் 3,000 மீட்டரில் தாராளமாக ஏறிவிடும். சிங்கப்பூரும் ஏறத்தாழ இதே தூரம்தான்.

லண்டனுக்கு? போயிங்கின் பெரிய விமானமான 787-9 தன் உச்ச எடையான 254 டன்னோடு கிளம்ப, சாதாரண நாளில் சுமார் 2,800 மீட்டர் வேண்டும். லண்டன் தூரத்துக்கு அவ்வளவு எரிபொருள் தேவையில்லை, ஆகவே நீளம் அங்கும் பெரிய தடையாகாது. இடிப்பது வேறு இடத்தில். ஏ320-இன் நீண்ட வடிவமான ஏ321-இன் இறக்கை விரிப்பு 36 மீட்டருக்குள், 787-இன் இறக்கை 60 மீட்டர். ஏ321 அளவுக்குக் கட்டிய நிறுத்துமிடத்தில் 787 நிற்காது. விமானத்தின் அளவை வைத்து நிலையத்தில் கேட்கும் தீயணைப்புத் தரமும், ஏ321-க்குப் போதுமான 7 இதற்குப் போதாது, 9 வேண்டும். அந்தச் சக்கரச் சுமையைத் தளம் தாங்குமா என்பதும் தனிக் கேள்வி.

இறங்கும்போது ஐப்பசி மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈர ஓடுபாதைக்கு, உலர்ந்த நிலையில் கேட்கும் நீளத்தைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கணக்கிடுவார்கள்.

ஆகவே மனு எழுதுகிறவர்கள் "ஓடுபாதையை இன்னும் நீட்டுங்கள்" என்று எழுதுவதில் பயனில்லை. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் எப்போது என்று கேளுங்கள். அவை இல்லாமல் பன்னாட்டு விமானம் வராது. வெளிநாட்டு நிறுவனம் வரவேண்டுமானால், இரு நாட்டு ஒப்பந்தத்தில் அனுமதித்த ஊர்ப் பட்டியலில் தூத்துக்குடி இடம்பெற வேண்டும். இந்திய நிறுவனங்களுக்கு அந்தப் பட்டியல் தடையல்ல, அதனால் முதலில் அவர்கள் கதவைத் தட்டுவதே நல்லது. அதற்கு முன், புறப்பாட்டுக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியாக அறிவித்த நீளங்கள், தளத்தின் தாங்குதிறன் எண், தீயணைப்புத் தரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய விமான நிலைய ஆணையம் இணையத்தில் வெளியிடும் வான்வழித் தகவல் தொகுப்பில் எவரும் அவற்றைப் படிக்கலாம்.