இம்பீடன்ஸ் – மின்மறிப்பு

இயர்போன் பெட்டியின் பின்பக்கம் '16 ஓம்' என்றோ '32 ஓம்' என்றோ ஒரு வரி இருக்கும். அதுதான் இம்பீடன்ஸ். 'ஓம் கூடினால் பவர் கூடுதலாக வேண்டும்' என்று பலரும் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காதுக்குள் செருகும் இயர்போன்களுக்கு அந்த விளக்கம் போதவே போதாது. ஒரே இயர்போன் ஒரு டாங்கிளில் (போனில் செருகி இயர்போனை இணைக்கும் சிறு துண்டு) தெளிவாகவும் இன்னொரு பிளேயரில் மந்தமாகவும் ஒலித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சொல்லை உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. தந்தி இயக்குநராக வேலை பார்த்து, கணிதத்தையும் மின்னியலையும் தானாகவே கற்றுக்கொண்ட ஆங்கிலேயர். 1886-இல் தன் கட்டுரைகளில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இண்டக்டன்ஸ், அட்மிட்டன்ஸ் போன்ற மின்னியல் சொற்களும் அவர் தந்தவையே. லத்தீனில் 'இம்பெதீரே' என்றால் காலைக் கட்டிப்போடுவது; அதற்குள் இருக்கும் 'பெஸ்' என்பது பாதம். தமிழில் இதற்கு நேரான பழஞ்சொல் தளை. 'மின்தளை' என்று யாரும் ஆக்காமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புதுச் சொல் ஏன் தேவைப்பட்டது? ஒரே திசையில் சீராகப் பாயும் மின்னோட்டத்துக்கு இயற்பியலாளர் ஓம் சொன்ன மின்தடை போதும். பேச்சும் இசையும் அப்படிப் பாய்வதில்லை, நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை திசை மாறுகின்றன. அப்போது கம்பிச்சுருள், அதிர்வெண் ஏற ஏற அதிகமாகக் குறுக்கே நிற்கும். மின்தேக்கி அதற்கு நேர்மாறு. இவற்றையும் மின்தடையையும் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது.

அதனால் இம்பீடன்ஸை 'மின்தடை' என்று எழுதுவது பிழை. அது ரெசிஸ்டன்ஸுக்கு உரியது. மின்னெதிர்ப்பு, மின்மறுப்பு, மின்மறிப்பு என்று மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. எதிர்ப்பு என்றால் படிப்பவர் மறுபடியும் தடையைத்தான் நினைப்பார். மின்மறுப்பு, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் தரும் பங்கை மட்டும் குறிக்கும் ரியாக்டன்ஸுக்கும் வழங்குவதால் குழப்பம் வரும். என் தேர்வு மின்மறிப்பு. வழிமறித்தல், மறியல் என்று நாம் தினமும் சொல்லும் சொல்லின் வேரே இது. மறியலில் எல்லா வண்டியும் நிற்பதில்லை, சிலவற்றை விட்டுவிடுவார்கள். இங்கேயும் அதேபோல, எந்த அதிர்வெண் வருகிறது என்பதைப் பொறுத்து மறிப்பு கூடும், குறையும்.

பெட்டியில் இருக்கும் எண் பொதுவாக 1000 ஹெர்ட்ஸில் அளந்தது. ஒற்றை டைனமிக் டிரைவர் (கம்பிச்சுருள் ஒட்டிய சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) உள்ள இயர்போனில் மற்ற அதிர்வெண்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருக்கும். தட்டையான சவ்விலேயே கம்பி பதித்த பிளானார் வகையில், அதிர்வெண் வாரியாக மின்மறிப்பை வரைந்தால் வரும் கோடு இன்னும் நேராக இருக்கும். ஆனால் பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர்களை (காந்தத்துக்கு நடுவே சின்ன உலோக நாக்கு அதிரும் டிரைவர்கள்), அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரோடு இணைத்த இயர்போனில் அந்தக் கோடு மேடும் பள்ளமுமாகப் போகும்.

ஓர் இயர்போனின் மின்மறிப்பு ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னோர் அதிர்வெண்ணில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளேயருக்கும் தன் பங்குக்கு ஒரு வெளியீட்டு மின்மறிப்பு உண்டு. அது 10 ஓம் என்றால், 8 ஓம் இடத்தில் 18-இல் 8 பங்கு மின்னழுத்தம்தான் இயர்போனுக்குக் கிடைக்கும். 40 ஓம் இடத்தில் 50-இல் 40 பங்கு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 5 டெசிபெல் வித்தியாசம் விழுகிறது. யார் காதுக்கும் தெரியும் அளவு அது. பிளேயர் 1 ஓம் என்றால் அதே வித்தியாசம் சுமார் 0.8 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். இயர்போனை உருவாக்கியவர் செய்த டியூனிங் (ஒலியின் தன்மையை அமைத்த விதம்) அப்படியே காதுக்கு வர வேண்டும் என்றால், பிளேயரின் மின்மறிப்பு இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். பல ஆர்மேச்சர் வகைக்கு, பெட்டி எண்ணை விட்டுவிட்டு வரைகோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இதே குணத்தை டியூனிங்குக்கும் பயன்படுத்தலாம். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இயர்போன்களில் இஆர்4பி சுமார் 27 ஓம், இஆர்4எஸ் 100 ஓம். பி-யின் வயரில் 75 ஓம் அடாப்டர் ஒன்றைச் செருகினால் அது எஸ் போல ஒலிக்கும். அடாப்டருக்குள் இருப்பது இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என இரண்டு சின்ன மின்தடையங்கள்தான். இந்த இயர்போனில் உள்ள ஒற்றை ஆர்மேச்சரின் மின்மறிப்பு உயர் அதிர்வெண்ணில் ஏறுவதால், கூடுதல் ஓம் சேரும்போது கீழ்ப்பகுதி அதிகமாக அடங்கி டிரெபிள் (உயர் அதிர்வெண் பகுதி) ஒப்பளவில் முன்னே வருகிறது. மொத்த ஒலியளவும் குறையும், வால்யூமை ஏற்றிக்கொள்ள வேண்டும். அடியில் கேட்கும் 'ஸ்ஸ்' இரைச்சலும் அதோடு அடங்குவது கூடுதல் லாபம்.

அப்புறம், இணைக்கும் இரு கருவிகளின் மின்மறிப்பையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதான 'இம்பீடன்ஸ் மேட்சிங்' என்பதை 'மின்மறிப்புச் சமன்' என்று பெயர்க்க வேண்டாம். பழைய தொலைபேசித் தடங்களில் இரு முனையிலும் 600 ஓம் என்று சமமாக வைத்தார்கள், அங்கே அது சரி. இயர்போனில் நமக்கு வேண்டியது சமம் இல்லை, பிளேயரில் குறைவும் இயர்போனில் அதிகமும். 'மின்மறிப்புப் பொருத்தம்' என்றால் இரண்டு வகைக்கும் இடம் கொடுக்கும்.