'சுதந்திரப் பிரசவம்' என்று யார் பெயர் வைத்தது?

'வீட்டுப் பிரசவம் என்றாலே மருத்துவச்சிகள் பதறுகிறார்கள்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகள் எத்தனையோ பேர். அவர்கள் ஏன் பதற வேண்டும்? மூலத்தில் இருந்திருக்க வேண்டிய சொல் ஃப்ரீபர்த். பயிற்சி பெற்ற எவரும் வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, தானே பெற்றுக்கொள்வது. எங்கே பெறுகிறாள் என்பதல்ல, யார் பார்க்கிறார் என்பதே பேச்சு. இந்த ஃப்ரீபர்த்தைத்தான் 'சுதந்திரப் பிரசவம்' என்றும் தமிழாக்குகிறார்கள்.

பிரசவம் வடசொல். அதற்குத் தமிழ்ச்சொல் பேறு, 'பெறு' நீண்டு வந்தது. வள்ளுவரின் 'மக்கட்பேறு' நமக்குத் தெரிந்ததுதான். மிட்வைஃப் என்றால் இடைக்கால ஆங்கிலத்தில் பெண்ணோடு இருப்பவள். இதற்குச் 'செவிலி' என்று போடுகிறவர்களும் உண்டு. சங்கப் பாட்டில் செவிலி, பிறந்த பிள்ளையை வளர்ப்பவள். மருத்துவச்சி என்று எழுத என்ன கூச்சமோ!

சரி, 'சுதந்திரப் பிரசவம்' விஷயத்துக்கு வருகிறேன். ('இலவசப் பிரசவம்' என்றும் ஒரு இடத்தில் கண்டேன். கணினி செய்த வேலை என்று விட்டுவிட்டேன்.) சுதந்திரம் என்றதுமே மறுபக்கத்தில் ஒரு சிறைக்காவலர் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வேடத்தை மருத்துவச்சிக்கு மாட்டிவிடுகிறது இந்தச் சொல். அவள் மனதில் இருப்பதோ வேறு. பிறந்த பிள்ளை மூச்சுவிடாமல் கிடந்தால் முதல் நிமிடத்துக்குள் கை வைக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பின் கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் நிற்காது. இதைக் கண்ணால் பார்த்தவளுக்குப் பயம் வராதா? 'என்னையா வேண்டாம் என்கிறாள்' என்ற மனத்தாங்கலும் உண்டு. ஆனால் அப்படி முடிவெடுப்பவர்களில் பலர் முந்தைய பிரசவத்தில் காயப்பட்டவர்கள்; கேட்காமல் கை வைத்தார்கள், சொல்லாமல் கத்தரித்தார்கள் என்பார்கள். அதைக் கேட்டபின் முழுதாகக் கோபப்படவும் அவளால் முடிவதில்லை. இத்தனையையும் 'சுதந்திரம்' ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது.

'தனிப்பேறு', 'துணையில்லாப் பேறு' என்றும் சொல்லிப் பார்த்தேன். கணவனோ தாயோ கூடவே இருக்கலாமே, அப்புறம் எப்படித் தனி? தமிழில் தாய் பெறுகிறாள், மருத்துவச்சி பார்க்கிறாள். பார்க்கிறவளைத்தான் இங்கே விலக்குகிறார்கள். அதனால் 'மருத்துவச்சி இல்லாப் பேறு' எனலாமா? அதுவும் போதாது. வலி முந்திக்கொண்டு, அவள் வந்து சேரும் முன்பே வண்டியில் பிறந்துவிடும் குழந்தைக்கும் அது பொருந்தும். அங்கே யாரும் யாரையும் மறுக்கவில்லை.

'மருத்துவச்சி வேண்டாப் பேறு' என்பதே என் பரிந்துரை. 'இல்லா' போய் 'வேண்டா' வந்ததும் பெண்ணின் முடிவு உள்ளே வந்துவிடுகிறது, மருத்துவச்சியின் மனத்தாங்கலும்தான். நீளமாக இருக்கிறது என்பார்கள். 'சுதந்திரப் பிரசவம்' மட்டும் என்ன, இரண்டெழுத்தா?