மறைநிலை எண்டா என்ன மறையுது?

போன கிழமை யாழ்ப்பாணம் கொக்குவில்ல சிநேகிதன்ர கொமினிகேசனில (காசுக்குக் கணினி, இணையம் பாவிக்கிற கடை) இருக்கேக்க ஒரு அக்கா வந்தவ. முதல் நாள் அதே மெசினில இருந்து மகனுக்கு விண்ணப்பம் ஒண்டு நிரப்பினவவாம், தன்ர அடையாள அட்டை, பாங்க் புத்தகத்தின்ர முன்பக்கம் எல்லாத்தையும் மெயில்ல இருந்து இறக்கித்தான் ஏத்தினவ. இன்னொரு கொப்பி எடுக்கவெண்டு திரும்ப வந்து பார்த்தா, டவுன்லோட் போல்டருக்குள்ள அவவின்ர அடையாள அட்டை அப்பிடியே கிடக்கு. இடையில எத்தினை பேர் அந்தக் கதிரையில இருந்து எழும்பிப் போயிட்டினம். "தம்பி, நான் மறைநிலையிலதானே திறந்தனான், பேந்தேன் இது இஞ்ச கிடக்கு?" எண்டு கேட்டா, முகம் வெளுத்துப் போச்சு. அவவில ஒரு பிழையும் இல்லை. தமிழில எழுதிக் கிடந்ததை அவ தமிழா வாசிச்சவ.

உந்த 'மறைநிலை' எண்ட சொல்லைப் பற்றி கனகாலமா எழுதவேணும் எண்டு இருந்தனான், அந்த அக்காவின்ர முகத்தைப் பார்த்தாப் பிறகு இனிப் பொறுக்கேலாது எண்டு போச்சு.

இணையம் பார்க்கிற குரோம் உலாவியில 'இன்கொக்னிற்றோ' எண்டு தனியத் திறக்கிற சாளரத்தைத்தான் (விண்டோ) தமிழில மறைநிலை எண்டு போட்டிருக்கினம். இன்கொக்னிற்றோ இத்தாலியன் சொல், அடி லத்தீன், அர்த்தம் 'அறியப்படாத'. எங்கட பக்கம் கதாப்பிரசங்கங்களில கேட்ட 'அஞ்ஞாதவாசம்' இருக்கெல்லோ, அந்த அஞ்ஞாதமும் இந்த இன்கொக்னிற்றோவும் ஒரே வேரில இருந்து கிளைச்ச சொல்லுகள், ரெண்டிலயும் முன்னுக்கு ஒரு இல்லாமை, பின்னுக்கு அறிதல்.

இப்ப பாருங்கோ, பாண்டவர் 13ஆம் வருசம் விராடன்ர அரண்மனையில என்ன செய்தவை? வீமன் குசினியில சமைச்சான், அருச்சுனன் பிருகன்னளையா ஆட்டம் பழக்கினான். ஒருத்தரும் பத்தைக்குள்ள ஒளிச்சிருக்கேல்லை, எல்லாற்ற கண்ணுக்கும் முன்னாலதான் திரிஞ்சவை, ஆக்கள் ஆர் எண்டு மட்டும் தெரியாது. அதுதான் அந்தச் சொல்லின்ர உயிர். தமிழில சொல்லுறதெண்டா 'ஆளறியா நிலை', ஆளறியாமப் போய் வந்தான் எண்டு சொல்லுறம்தானே. மறையிறது வேற. சூரியன் மறைஞ்சா தெரியாது, மரத்துக்குப் பின்னால மறைஞ்சவனைக் காணேலாது. மறைநிலை எண்டு வாசிக்கிற எந்தத் தமிழனுக்கும் நெஞ்சில விழுறது 'என்னை ஒருத்தரும் காணாயினம்' எண்ட நம்பிக்கைதான்.

அந்தச் சாளரம் உண்மையில செய்யிறது என்ன? போன பக்கங்களின்ர வரலாற்றை அந்த மெசினில எழுதாது, குக்கிகளை (தளங்கள் உங்களை அடையாளம் காண மெசினில விடுற சின்னக் குறிப்புகள்) மூடேக்க அழிக்கும், படிவத்தில தட்டினதை ஞாபகம் வைக்காது. இறக்கின பைல் கிடக்கும், புக்மார்க் கிடக்கும். இணைப்புத் தாற கொம்பனிக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீங்கள் எண்டு தெரியும், போன தளத்துக்கு உங்கட ஐபி முகவரி (உங்கட இணைப்பின்ர இலக்கம்) தெரியும், மெயிலுக்குள்ள லொகின் பண்ணினா ஆள் பேரோடயே தெரியும். அப்ப ஆளறியா நிலை எண்டு சொன்னாலும் பொய்தான், மறைநிலை எண்டது அதைவிடப் பெரிய பொய். மூலச் சொல்லே கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது, மொழிபெயர்ப்பு அதை இன்னும் கூட்டி விட்டிட்டுது.

இங்கிலீசுக்காரரும் ஏமாந்தவைதான் எண்டதுக்கு ஒரு வழக்கே இருக்கு. இன்கொக்னிற்றோவில இருக்கேக்கயும் தங்கட தரவைச் சேர்க்கினம் எண்டு 2020இல கலிபோர்னியாவில கூகிளுக்கு எதிரா வழக்குப் போட்டு, 2024இல இணக்கத்துக்கு வந்து, சேர்த்த பதிவுகளை அழிக்கிறம் எண்டு கூகிள் ஒப்புக்கொண்டது. அந்தச் சாளரம் திறக்கேக்க வாற விளக்கத்தையும் மாத்தினவை, தளங்களும் கூகிள் உட்பட அவை பாவிக்கிற சேவைகளும் தரவு சேர்க்கிற விதம் இதால மாறாது எண்டு இப்ப எழுதிக் கிடக்கு. விளக்கம் மாறிச்சுது, பேர் மாறேல்லை. ஆர் அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கப் போயினம்? பேரைத்தான் வாசிப்பினம்.

சிலர் 'கமுக்கச் சாளரம்' எண்டு எழுதீனம். சுத்தத் தமிழ், எனக்குச் சொல் பிடிக்கும், ஆனா கமுக்கம் எண்டா இரகசியம், இரகசியம் எண்டாலும் அதே பொய் வாக்குறுதிதான். தூய தமிழா இருக்கிறதால ஒரு சொல் சரியாப் போயிடாது, முதல்ல உண்மையா இருக்கோணும். 'தனிப்பட்ட உலாவல்' எண்டது எந்த அர்த்தமும் நிக்காத சொல், நான் தனிய இருந்து பார்க்கிறன் எண்டும் விளங்கும். 'தடமிலா உலாவல்' எண்டு ஒருக்கா நானே பிரேரிச்சனான், பிறகு கைவிட்டிட்டன், ஏனெண்டா தடம் மெசினில விழேல்லையே தவிர வெளியில எல்லா இடமும் விழுது.

எனக்கு இப்ப சரியாப் படுறது 'மறதிச் சாளரம்'. மூடின உடன அந்தச் சாளரம் மறந்திடும். எதிர்ப்பக்கத்தில இருக்கிறவன் மறப்பான் எண்டு அந்தச் சொல் எங்கயும் சொல்லேல்லை, சொல்லவும் கூடாது. பயர்பொக்ஸ், சபாரி எண்ட மற்ற உலாவிகள் ரெண்டும் இந்தச் சாளரத்தில உங்களைத் தளம் தளமாப் பின்தொடருற நிரல்களைக் கூடுதலாத் தடுக்கும் எண்டது உண்மை, எண்டாலும் சாளரத்தின்ர அடிப்படை வேலை மறக்கிறதுதான். அந்த அக்காவிட்ட மறதிச் சாளரம் எண்டு சொல்லியிருந்தா, 'இறக்கின பைலையும் மறக்குமோ' எண்டு ஒரு கேள்வியாவது கேட்டிருப்பா.

எனக்குக் கோவம் மொழிபெயர்க்கிறவையிலதான். சொல்லைப் பார்த்துச் சொல் போடீனம், பொருள் என்ன செய்யுது எண்டு ஒருக்கா திறந்து பார்க்காயினம். 'தனியுரிமை'யையே எடுங்கோ. பிரைவசிக்கும் அதுதான், மூலநிரலைக் காட்டாத மென்பொருளுக்கும் தனியுரிமை மென்பொருள் எண்டுதான் சிலர் எழுதீனம். அப்ப 'தனியுரிமை உலாவி' எண்டா உங்களைக் காக்கிறதோ, தன்ர நிரலைப் பூட்டி வைக்கிறதோ? ரெண்டும் நேரெதிர்ப் பக்கம். பிரைவசிக்கு 'அந்தரங்கம்' எண்டு எங்கட ஆச்சிமாரும் கதைச்ச சொல் இருக்கு, வடமொழி எண்டு அதைத் தள்ளிப்போட்டு விளங்காத ஒண்டைக் கட்டி வைச்சிருக்கினம். உலாவியைக்கூட இஞ்ச பள்ளிக்கூடப் புத்தகத்தில 'மேலோடி' எண்டுதான் படிப்பிக்கினம், பிள்ளையள் போனைத் திறந்தா உலாவி எண்டு கிடக்கு.

சரி, உண்மையா ஆள் தெரியக் கூடாதெண்டா என்ன செய்யிறது எண்டு கேட்டா, சாளரத்தை நம்பாம உலாவியைப் பார்த்து எடுக்கோணும். பயர்பொக்ஸ் 2022இல இருந்து ஒரு தளத்தின்ர குக்கியை இன்னொரு தளம் வாசிக்க விடாமத் தனித்தனிப் பெட்டியில போட்டு வைக்குது, அது எல்லாருக்கும் தானாவே வேலை செய்யும். மூன்றாந்தரப்புக் குக்கிகளை (நீங்கள் திறந்த தளம் இல்லாம வேற ஆக்கள் வைக்கிறது) குரோம்ல இருந்து எடுக்கிறம் எண்டு கூகிள் 2020இல சொல்லி, 2024இல அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. டோர் உலாவி மூண்டு கணினிகளுக்குள்ளால சுத்திப் போறதால போற தளத்துக்கு உங்கட ஐபியே தெரியாது, அதுதான் 'ஆளறியா' எண்ட பேருக்குத் தகுதியானது, ஆனா எங்கட லைனில நல்லா மெதுவா வரும்.

குக்கி மட்டும்தான் பிரச்சினை எண்டும் நினைக்க வேண்டாம். மெசினில இருக்கிற எழுத்துருக்கள், திரை அளவு, நேர வலயம், மொழி எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தே ஆளைப் பிடிப்பாங்கள். யாழ்ப்பாணத்துக் கொமினிகேசன் எதையும் எடுங்கோ, பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு கட்டாயம் கிடக்கும். பாமினி இருக்கு, நேரம் கொழும்பு நேரம், மொழி தமிழ்: உலகத்தில இப்பிடி எத்தினை மெசின் இருக்கும்? குக்கியே இல்லாம ஆளை அரைவாசி காட்டிக் குடுத்திடும். இதை மறைநிலை முழுசா மறைக்காது.

சிநேகிதனிட்டச் சொல்லி அந்த மெசின்ர திரைக்கு மேல ஒரு பேப்பர் ஒட்டிப்போட்டன். 'இது மறதிச் சாளரம். மூடினா எங்க போனீங்கள் எண்டதை மறக்கும். இறக்கின பைலை மறக்காது, எழும்ப முதல் நீங்களே அழியுங்கோ.' நேற்று ஒரு பெடியன் அதை வாசிச்சிட்டு டவுன்லோட் போல்டரைத் திறந்து, தன்ரதை மட்டுமில்லாம முதல் ஆள் விட்டிட்டுப் போனதையும் சேர்த்து அழிச்சுப்போட்டுத்தான் எழும்பினவன்.